‘இத்தாலி வண்டி’ என்று ஒரு லாம்பிரெட்டா விலைக்கு வந்தால்

நீங்கள் கேட்டது இரண்டே வரி. கும்பகோணம் பக்கத்தில் ஒரு வீட்டில் தாத்தா காலத்து லாம்பிரெட்டா ஸ்கூட்டர் விலைக்கு வருகிறது, ‘ஒரிஜினல் இத்தாலி வண்டி’ என்கிறார்கள், வாங்கி தினமும் மயிலாடுதுறைக்கு வேலைக்குப் போய்வர முடியுமா என்பது. இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அது உண்மையிலேயே இத்தாலியில் செய்ததா? அந்த விலைக்குத் தகுமா? போக 35, வர 35 கிலோமீட்டரைத் தினமும் தாங்குமா? முதல் கேள்விக்குத்தான் எல்லோரும் அதிகம் கவலைப்படுகிறார்கள். பணத்தைத் தின்னப்போவது மற்ற இரண்டும்.

லாம்பிரெட்டா மிலான் நகரத்து இன்னோசென்டி கம்பெனியின் வண்டி. 1947-இல் தொடங்கி 1971-இல் அங்கே தயாரிப்பு நின்றது. நம் ஊரில் ஓடிய லாம்பிரெட்டாக்களில் மிகப் பெரும்பகுதி பம்பாயில் ஏ.பி.ஐ. (ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா) கம்பெனி இன்னோசென்டியின் உரிமம் பெற்றுச் செய்தவை. தொடக்க கால வண்டிகள் பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டன, பிறகு உள்நாட்டுப் பாகங்கள் கூடிக்கொண்டே போயின. இத்தாலியில் தயாரிப்பு நின்றபின் அந்த இயந்திரங்களை வாங்கிக்கொண்டது 1972-இல் லக்னோவில் தொடங்கிய அரசு நிறுவனமான ஸ்கூட்டர்ஸ் இந்தியா. விஜய் சூப்பர் ஸ்கூட்டர் அங்கிருந்து வந்ததுதான். உருவத்தைப் பார்த்து வயது சொல்வதில் ஒரு பொறி உண்டு. ஹெட்லைட் ஹேண்டில்பாரில் இல்லாமல் முன்பக்க மூடியில் அசையாமல் நின்றால் அது 1958-இல் வந்த எல்.ஐ. ரகத்தின் முதல் வரிசை (சீரிஸ் 1) அமைப்பு. ஹேண்டில்பாரோடு திரும்பி, உடம்பு உருண்டு அகலமாக இருந்தால் இரண்டாம் வரிசை. இந்த இரண்டாம் வரிசை உருவத்தை இத்தாலி 1961-லேயே விட்டுவிட்டது, பம்பாயில் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் செய்தார்கள். ஆகவே ‘உருண்டை உடம்பு, அறுபதாம் வருஷத்து இத்தாலி வண்டி’ என்ற கணக்கு நிற்காது. முன்னால் ஒட்டியிருக்கும் எழுத்துப் பட்டை சாட்சியே ஆகாது, அது கடையில் கிடைக்கிறது. ஆர்.சி.யில் தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் என்ன என்று பாருங்கள், பக்கத்து மூடியான பேனலைக் கழற்றிச் சேஸிஸ் எண்ணை அதோடு ஒப்பிடுங்கள். 150 வண்டியில் இத்தாலியோ பம்பாயோ, 57 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 58 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 148 சி.சி. என்ஜின்தான். ஓட்டுகிறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ‘இத்தாலி’ என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் கேட்டால் காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள்.

அந்தக் காகிதத்தைத்தான் வண்டியைப் பார்ப்பதற்கும் முன்னால் பார்க்க வேண்டும். 1989-க்கு முந்தைய வண்டி என்றால் டி.என்.-49, டி.என்.-68 போன்ற இன்றைய எண் இருக்காது, மூன்றெழுத்துப் பழைய எண் இருக்கும். அது ஒரு குறையல்ல. அந்த எண் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் கணினிப் பதிவில் ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும். ஏறியிருந்தால் ஆர்.சி. காலாவதியாகியிருந்தாலும் வழி உண்டு. 15 ஆண்டு முடிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கலாம். 20 வயது தாண்டிய இருசக்கர வண்டிக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் ஆனது. தாமதக் கட்டணமும் பசுமை வரியும் தனி. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. உங்கள் விஷயத்தில் வண்டி தாத்தா பெயரில் இருந்து அவர் காலமாகிவிட்டார் என்றால் முதலில் வாரிசு ஒருவர் பெயருக்குப் படிவம் 31 மூலம் மாறிய பிறகுதான் உங்களுக்கு வர முடியும். மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ‘ஆர்.சி. புத்தகம் வீட்டில் எங்கோ இருக்கிறது, தேடித் தருகிறோம்’ என்பது இல்லை என்பதற்குச் சமம். புத்தகமும் இல்லை, கணினியிலும் இல்லை என்றால் அது ஷெட்டில் நிறுத்திப் பார்க்கும் பொருள், விலையும் அதற்குத் தக்கதாகவே இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் தரகர்கள் ‘விண்டேஜ் பதிவு வாங்கிக்கொள்ளலாம்’ என்பார்கள். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றமில்லாமல் இருக்கும் வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனி எண் தருகிறார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. ஆனால் அந்த எண் வாங்கிய வண்டியைச் சாலையில் வழக்கமாக ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது, அவ்வளவுதான். தினமும் மயிலாடுதுறை போகிறவருக்கு அது ஆகாது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தம், டார்ச், பழைய துணி எடுத்துப் போங்கள். பளபளவென்று புதுப் பெயிண்ட் அடித்த வண்டியைவிட, வெளுத்துப்போய், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி மேல் என்பது என் அழுத்தமான கருத்து. பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விலை கொடுக்க வேண்டாம். லெக் ஷீல்டு, பேனல், மட்கார்டு எங்கும் காந்தத்தைத் துணியில் சுற்றி நகர்த்துங்கள். பிடிக்காமல் நழுவும் இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. லாம்பிரெட்டாவுக்கு வெஸ்பா போலத் தகட்டு உடம்பு கிடையாது, குழாய்ச் சேஸிஸ். பேனல் துருப்பிடித்தால் வேறு போடலாம், குழாய் இற்றால் செலவு வேறு. கால் வைக்கும் பலகைக்கு அடியில், ஸ்டாண்டு பிடிப்பு இருக்கும் இடத்தில், என்ஜின் தொங்கும் கொக்கிகளைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், ஸ்குரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடிய வண்டியென்றால் உப்புக்காற்று உள்ளே வேலை செய்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பத்தடி பின்னால் போய்க் குனிந்து, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய விபத்து அங்கே தெரியும்.

என்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். நீங்கள் போகும்போது சைலன்சர் சூடாக இருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். முதலில் வலது பக்கத்து ஃபேன் மூடியைக் கழற்றி, ஃபேனோடு சுழலும் காந்தச் சக்கரமான மேக்னட் வீலை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் அந்தப் பக்கத்து கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) பேரிங் போய்விட்டது. பிறகு ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. சூடேறிய பிறகும் கெட்டியாக, எரிந்த கியர் ஆயில் நெடியோடு வந்துகொண்டே இருந்தால், கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் விட்டுப்போய் என்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சுகிறது. ஆக்சிலேட்டரை மூடியும் வேகம் இறங்காமல் தானாக ஏறுகிறதென்றால் எங்கோ காற்று புகுகிறது. மேக்னட் பக்கத்து சீல், அல்லது கார்புரேட்டர் பூட்டும் இடத்து கேஸ்கெட். காற்று புகுந்தால் பெட்ரோல் கலவை மெலியும், பெட்ரோலோடு கலந்து போகும் ஆயிலும் குறையும், முடிவில் பிஸ்டன் ஜாம். விற்பவர் ஒத்துக்கொண்டால் கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். மைபோல நுண்ணிய இரும்புத்தூள் இருக்கலாம், பல் துணுக்கும் கிளட்ச் கார்க் துண்டும் இருக்கக்கூடாது. ஓட்டிப் பார்க்கையில் இரண்டாவது, மூன்றாவது கியரில் நன்றாக இழுக்க விடுங்கள். கியர் நழுவினால் முதலில் கேபிள் இறுக்கத்தைச் சரிசெய்து பாருங்கள், பிறகும் நழுவினால் பெட்டிக்குள் தேய்மானம். இவ்வளவு பார்த்தும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் தேய்மானத்தை வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல வழியில்லை. அது பிரித்தால்தான் தெரியும். அதனால் கிராங்க் வேலை உண்டு என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள்.

வாங்கியபின் நடக்கும் பெரிய தவறு, பஜாஜ் சேத்தக் பார்த்துப் பழகிய பட்டறையில் ‘எல்லாம் ஒரே ஸ்கூட்டர்தானே’ என்று விடுவது. வெஸ்பா வழிவந்த பஜாஜ் கியர்பெட்டிக்கு எஸ்.ஏ.இ. 30 ஆயில், 250 மில்லி. லாம்பிரெட்டாவுக்கு எஸ்.ஏ.இ. 90, 700 மில்லி. உள்ளே செயினும் கிளட்சும் கியரும் அந்த ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன. 250 மில்லி ஊற்றி ஓட்டினால் சத்தம் வரும்போது காலம் கடந்திருக்கும். பிளக்கும் அப்படித்தான். லாம்பிரெட்டா ஹெட்டுக்கு மரை 19 மில்லிமீட்டர் நீளமுள்ள பிளக், என்.ஜி.கே.யில் பி7ஈ.எஸ்., இடைவெளி 0.5 முதல் 0.6 மில்லிமீட்டர். பஜாஜின் குட்டை பிளக்கைப் போட்டாலும் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் காலியாக நிற்கும் மரையில் கார்பன் இறுகி, பிறகு சரியான பிளக் உள்ளே போகாமல் ஹெட் மரையையே கெடுக்கும். மேக்னட்டைக் கழற்ற அதற்குரிய புல்லர் வேண்டும். சுத்தியல் எடுக்கும் பட்டறையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வெளியே வந்துவிடுங்கள். சுத்தியல் அடியில் கிராங்க் கோணும், ஃபேன் இதழ் உடையும்.

ஸ்பேர் கிடைக்குமா என்ற பயம் வேண்டாம். லக்னோ தயாரிப்பு தொண்ணூறுகள் வரை ஓடியதால் பாகங்கள் இன்றும் இந்தியாவில் செய்யப்படுகின்றன, வெளிநாட்டுக்கும் போகின்றன. சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடலாம். தரம்தான் சீராக இருக்காது. கேபிள், ரப்பர், பீடிங் மலிவில் வாங்கலாம். ஆயில் சீல், பிளக்கில் பொறி விழச் செய்யும் பாயிண்ட், கண்டன்சர், பிறகு கிளட்ச் பிளேட் இவற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். பேரிங்குக்கு லாம்பிரெட்டா பெயரே தேவையில்லை. கழற்றியதன் விளிம்பில் பொறித்த எண்ணை முழுதாக, கடைசியில் சி3, சி4 என்று இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லி நல்ல கம்பெனிப் பேரிங் கேளுங்கள். டயர் 3.50-10, சேத்தக் டயரேதான், தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் கிடைக்கும். சிலிண்டரைக் குடைந்து போர் போடுவதாக இருந்தால் பிஸ்டனை முதலில் வாங்கி லேத்காரர் கையில் கொடுத்து, அதை அளந்து போடச் சொல்லுங்கள். அளவை மட்டும் சொல்லிப் போட்ட போரில் இடைவெளி தப்பினால் முதல் நூறு கிலோமீட்டரிலேயே பிஸ்டன் சிக்கிப் பிடித்துக்கொள்ளும்.

பெட்ரோலோடு கலக்க வேண்டிய ஆயில் இரண்டு சதவீதமா நான்கா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இரண்டும் சரி, கிராங்கைப் பொறுத்தது. கனெக்டிங் ராடின் சிறுமுனையில் வெண்கல புஷ் இருந்தால் நான்கு, அதாவது ஐந்து லிட்டருக்கு 200 மில்லி. நீடில் பேரிங் இருந்தால் இரண்டு, 100 மில்லி. எது என்று தெரியாதவரை நான்கே போடுங்கள். புகை கூடும், பிளக் சீக்கிரம் அழுக்காகும், என்ஜின் பிழைத்திருக்கும். டேங்குக்குள் நேராக ஊற்றாமல் ஒரு பாட்டிலில் பெட்ரோலோடு குலுக்கி ஊற்ற வேண்டும்.

அதைவிடப் பெரிய தலைவலி இன்றைய ஈ20 பெட்ரோல். இருபது சதவீத எத்தனால் பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் குழாயின் கேஸ்கெட்டையும் ஊறவைத்துக் கெடுக்கும், டேங்கில் படிந்த துருவையும் வார்னிஷையும் இளக்கி கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டில் கொண்டுவந்து அடைக்கும். இது நிச்சயம். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்தில் அரைகுறை டேங்கோடு ஒரு மாதம் நின்ற வண்டியில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கினால் வியப்பில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸ் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதென்றால் டேங்கை வடித்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக அணையும்வரை ஓட்டி நிறுத்துங்கள். ஈ20-இல் கலவை சற்று மெலிவதால் மெயின் ஜெட்டைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருக்கும். 102 இருந்தால் 105 அல்லது 106 என்பது நியாயமான தொடக்கம், உங்கள் கார்புரேட்டருக்குச் சரியான எண் ஓட்டிப் பார்த்துத்தான் அமையும். பிளக் முனை டிகிரி காப்பி நிறத்தில் இருந்தால் சரி, வெளுத்திருந்தால் மெலிவு, கறுத்து ஈரமாக இருந்தால் மிகுதி என்பது பழைய பாடம். இப்போதைய பெட்ரோலில் அந்த நிறம் முன்புபோல் தெளிவாக விழுவதில்லை, அதை மட்டும் நம்பி ஜெட்டைக் குறைத்துவிடாதீர்கள்.

பத்து கிலோமீட்டர் நன்றாக ஓடி, திடீரென்று அணைந்து, இருபது நிமிடம் நிழலில் நின்றபின் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆவது இந்த வண்டிகளின் பிரசித்தமான நோய். உடனே கார்புரேட்டரைப் பிரிக்கப் போவார்கள். அணைந்த அந்த நிமிடமே பிளக்கைக் கழற்றி, ஹெட்டில் ஒட்டவைத்துக் கிக் அடித்துப் பாருங்கள். பொறி மஞ்சளாக, மெலிந்து வந்தாலோ வராமலே போனாலோ கண்டன்சர், அடுத்து காயில். பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர். பொறி நீலமாகப் பட்டென்று விழுந்தால்தான் பெட்ரோல் பக்கம் போக வேண்டும், அப்போதும் முதலில் டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் அதுதான்.

டெல்டாவில் ஓட்டுவதில் ஒரு நன்மை, மேடு பள்ளம் இல்லை. தீமையும் அதேதான். நீண்ட சமதளத்தில் ஒரே ஆக்சிலேட்டரில் அரைமணி நேரம் பிடித்துக்கொண்டே போனால் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். 50, 55-இல் போங்கள், இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை கையைத் தளர்த்தி விடுங்கள். இடது கையில் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் லீவர் மேல் இருக்கட்டும். சத்தம் திடீரென்று இறுகி, பின்னால் யாரோ பிடித்து இழுப்பதுபோல் தோன்றினால் அந்த நொடியே கிளட்சைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தள்ளும். புதுப் போர் என்றால் முதல் 500 கிலோமீட்டர் 40-ஐத் தாண்டாதீர்கள்.

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து சாலையில் நெல் காயும்போது பத்து அங்குலச் சக்கரத்துக்கு அது கோலிக்குண்டு பரப்பிய தரை. பிரேக்கைத் தொடாமல், நேராக, மெதுவாகக் கடந்துவிட வேண்டும். நடவுக் காலத்தில் கேஜ் வீல் போட்ட டிராக்டர் வயலிலிருந்து ஏறிய இடத்தில் கிடக்கும் களிமண்ணும் அப்படியே. அறுவடைப் பருவத்துக்கு இன்னொரு வேலை உண்டு. மேக்னட் ஃபேன் காற்றோடு பதரையும் வைக்கோல் தூசியையும் இழுக்கும். சிலிண்டர் விலாக்களுக்கு இடையே எண்ணெய்ப் பிசுக்கில் அவை அடையாக ஒட்டிக்கொள்ளும், மேலே மூடி இருப்பதால் வெளியே தெரியாது. பருவம் முடிந்ததும் மூடியைக் கழற்றி, விலாக்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். மூடி இல்லாமலே ஓட்டினால் குளிர்ச்சி என்று சிலர் சொல்வது தவறு. அந்த மூடிதான் காற்றைச் சிலிண்டர் மேல் திருப்புகிறது. மழையில் முழங்கால் தண்ணீரில் இறக்காதீர்கள், மேக்னட்டும் பாயிண்டும் தாழ்வாக இருக்கின்றன. டிரம் பிரேக் நனைந்தால் சிறிது தூரம் லேசாகப் பிடித்தபடியே ஓட்டிக் காயவைக்க வேண்டும். காய்ந்த நாளிலும் இந்த பிரேக் இன்றைய வண்டிகளுக்கு ஈடாகாது. முன்னால் போகும் பஸ்ஸிடமிருந்து வழக்கத்தைப் போல் இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள்.

ஆக, தினமும் 70 கிலோமீட்டர் தாங்குமா? கிராங்க், சீல், பேரிங், வயரிங் நான்கையும் புதிதாக்கிய வண்டி தாங்கும். ஆனால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கு வேண்டும், அது படுக்கும் நாளில் பஸ்ஸோ வேறு வண்டியோ வேண்டும். முதல் ஆறு மாதம் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் எடுத்துப் போங்கள், அதன் குணம் அதற்குள் தெரிந்துவிடும். டிக்கியில் ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், கிளட்ச் கேபிள், கியர் கேபிள், பாயிண்ட் செட், கண்டன்சர், 200 மில்லி ஆயில், உப்புத்தாள் ஒரு துண்டு இருக்கட்டும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பஞ்சர் கடையில் கொடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வீல் இரண்டு பாதியாக நட்டு போட்டு இணைத்தது, காற்றை முழுதும் இறக்காமல் அந்த நட்டுகளைத் தொட்டால் ரிம் தெறித்து முகத்தில் அடிக்கும்.